வோக்கர்டன் ஊரிலே ஒரு குவளை நீர்

நன்னீருக்குக் குறைவென்பதே அறியாத நிலம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம். கடல்போன்ற ஏரிகள் அதனைச் சூழ்ந்து கிடக்கின்றன. அத்தகைய நாட்டிலே, குடிநீராலேயே துயருற்ற சிற்றூர் ஒன்றுண்டு. ரொறன்ரோ நகரில் வாழும் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தபோது அவ்வூரைக் காண நாம் விரும்பினோம்.

"அங்கை பாக்கிறதுக்கு என்ன மாமா இருக்கு? நயாகராவுக்குப் போவமே" என்றார் மருமகன். நயாகராவைப் படங்களிலே பலமுறை கண்டாயிற்று என்று கூறி, வடமேற்கு நோக்கி வண்டியைச் செலுத்தச் செய்தோம்.

நகரம் மறைந்ததும் இருமருங்கிலும் சோளவயல்கள். அவற்றை அடுத்து மாட்டுப் பண்ணைகள். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக ஓடியபின் சோகீன் ஆற்றங்கரையிலே வோக்கர்டன் தோன்றிற்று. ஐயாயிரம் பேர் வரையிலே வாழும் ஊர். ஒரு கடைவீதி, தேவாலயங்கள், நீதிமன்றம், அவ்வளவே. நம்மூர்ச் சந்தையொன்றின் ஆரவாரங்கூட அங்கில்லை. மருமகன் கேட்டதிலே தவறில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லைதான்.

2000ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி தொடங்கி ஐந்து நாட்கள் அங்கே கனமழை பொழிந்தது. ஊருக்கு நீர் வழங்கிய கிணறுகளுள் ஐந்தாம் இலக்கக் கிணறு ஆழமற்றது. மேலே சிறிதளவு மண், அதன்கீழ் வெடிப்புகள் நிறைந்த பாறை. அருகிருந்த பண்ணையின் மாட்டெரு மழைநீரோடு கரைந்து, அவ்வெடிப்புகளின் வழியே கிணற்றிற் கலந்தது. நமது யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையும் இவ்வண்ணமே வெடிப்பும் துவாரமுமாய் இருப்பதை எண்ணியபோது, நாம் ஏதோ அந்நிய தேசத்துக் கதையைக் கேட்பதாகத் தோன்றவில்லை. அப்பண்ணைக்காரரோ குற்றமற்றவர் என்று பின்னர் நடந்த விசாரணை தெளிவாகவே கூறிற்று.

நீரிலே வந்தது ஈ.கோலி இனத்துக் கொடிய பற்றீரியா. அதனைக் கொல்லப் போதிய குளோரீன் கலந்திருந்தால் ஊர் தப்பியிருக்கும். நாள்தோறும் நீரிலே எஞ்சியிருக்கும் குளோரீனை அளந்து பதியவேண்டும் என்பது விதி. நீர் வழங்கலுக்குப் பொறுப்பாயிருந்த சகோதரர் இருவரும் பல நாட்களில் அளக்காமலே 0.5 என்றும் 0.75 என்றும் ஏட்டிலே எழுதி வந்தனர். ஏடு என்றும் ஒழுங்காகவே இருந்தது!

அவர்கள் ஊரை அழிக்க எண்ணிய கொடியவர்களோ எனின், அல்லர். குளோரீன் கலவாத அந்நீரையே தாமும் குடித்து வந்தனர். அது தூய்மையானதென்றே நம்பினர். ஊராரும் குளோரீன் மணக்கிறதென்று முறைப்பாடு செய்வதுண்டாம்.

இவ்விடத்தில் நமது குற்றமொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரி வெள்ளம் வடிந்தபின், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நமது வீட்டுக் கிணற்றுக்குக் குளோரீன் இட்டுச் சென்றார். அவர் படலையைக் கடந்ததுதான் தாமதம், நாம் பொம்பியைப் போட்டு நீரனைத்தையும் வாழைக்கு இறைத்துவிட்டோம். ஊறிவந்த நீர் முன்போல இனித்தது. அயலவருக்கும் அந்த உபாயத்தைச் சொல்லிக்கொடுத்தோம்.

வோக்கர்டனிலே மே 17ஆந் திகதி ஆய்வுகூடத்தின் அறிக்கை நீர் முகாமையாளருக்குக் கிடைத்தது: நீர் மாசுற்றிருக்கிறது. அவர் அதனை மறைத்தார். குருதியோடு வயிற்றோட்டங் கண்ட பிள்ளைகளைப் பார்த்து ஐயுற்ற வைத்தியர் ஒருவர் சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தார்; அவர்கள் விசாரித்தபோதும், நீர் நன்றாகவே இருக்கிறதென்று முகாமையாளர் மறுமொழி சொன்னார். 21ஆந் திகதி, அவர் சொல்லை நம்பியிராது, நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி சுகாதாரப் பகுதியினர் தாமே அறிவித்தனர். அதற்குள் காலங் கடந்துவிட்டது. ஏழு பேர் இறந்தனர். நோயுற்றோர் 2,300 பேருக்கு மேல்.

நீதிபதி டெனிஸ் ஓகோணர் அவ்வூரிலேயே அமர்ந்து விசாரணை நடத்தினார். 2002ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த அவரது அறிக்கை சகோதரர் இருவரோடு நிற்கவில்லை. 1998இல் வந்து பார்த்த பரிசோதகர் குறைகளைக் கண்டு கடிதம் எழுதினார். திருத்துவோம் என்று மறுமொழியும் போயிற்று. மீண்டும் வந்து பார்த்தவர் எவருமிலர். தனியார் ஆய்வுகூடங்கள் கெட்ட செய்தியைச் சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தேயாக வேண்டும் என்ற சட்டமும் அப்போது இருக்கவில்லை. குளோரீனை இடைவிடாது அளக்கும் கருவியொன்று அக்கிணற்றிலே பொருத்தப்பட்டிருந்தால் இத்துயர் நேர்ந்திராது என்பது நீதிபதியின் முடிவு. கருவி பொய் எழுதாதன்றோ! அவ்வாண்டே மாகாணத்தில் புதிய குடிநீர்ச் சட்டம் பிறந்தது. 2004இல் நீர் வழங்குவோரைப் பயிற்றும் நிலையமொன்று அவ்வூரிலேயே தொடங்கப்பெற்றது.

கடைவீதியிலே சிறிய உணவுச்சாலை ஒன்றினுள் நுழைந்தோம். பணிப்பெண் வழக்கம்போல் குழாய்நீரைக் கண்ணாடிக் குவளைகளிலே கொணர்ந்து வைத்தார். மருமகன் நமது முகத்தைப் பார்த்தார். நாம் குவளையைப் பார்த்தோம். மெல்லிய குளோரீன் மணம் மூக்கிலே பட்டது. வீட்டிலாயின் முகஞ்சுளித்திருப்போம். அன்று முழுவதையும் குடித்து, இன்னொரு குவளையும் கேட்டு வாங்கினோம்.

நம் நாட்டிலும் கிராமத்துக் குடிநீர்த் திட்டங்கள் பலவற்றைக் கிராமத்தவரின் சங்கங்களே நடத்திவருகின்றன. குளோரீன் இடுபவர் நமது அயல்வீட்டுத் தம்பியாக இருப்பார். அவரிடம் போய், "இண்டைக்கு அளந்தியோ?" என்று கேட்க நமக்கு ஒரு கூச்சம், கேட்டால் அவருக்கு ஒரு மனத்தாங்கல். வோக்கர்டனிலும் எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்களே.

ஊர் திரும்பியதும் கிணற்றடிக்கும் மலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்தோம். நாம் நினைத்திருந்ததிலும் குறைவாகவே இருந்தது. பரிசோதகரைத் தேடிச் சென்று, வாழைக்கு இறைத்த கதையையும் ஒளிக்காமற் சொல்லி, நீரைப் பரிசோதிக்க வழி கேட்டோம். அவர் சிரித்தார், நாம் மட்டுமல்லவாம். முடிவு வரும்வரை கொதித்தாறிய நீரே வீட்டில் அனைவர்க்கும். அம்மா மட்டும் இன்னமும் பச்சைத் தண்ணீரே கேட்டு அடம்பிடிக்கின்றார்.