சேவ் ஆச்சு, ஆனா ஆகலை

பி.காம் படிக்கிறவனுக்கு கெர்னல் எதற்குடா என்று கேட்பீர்கள். அப்பாவின் கடைக் கணக்கு அழியாமல் இருந்திருந்தால் எனக்கும் தேவைப்பட்டிருக்காது.

ஐயப்பன்தாங்கலில் எங்களுக்குச் சின்ன மளிகைக் கடை. யார் யார் எவ்வளவு பாக்கி என்பதை, லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரில் நான்தான் ஏற்றி வைப்பேன். போன மழையில் ஒருநாள், சேவ் கொடுத்த கையோடு கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபைல் திறக்கவே இல்லை. "நோட்டுல எழுதினா நனைஞ்சிடும்னு நீதானேடா சொன்னே?" என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

சேவ் ஆனது எப்படிக் காணாமல் போகும்? நம்ம பாடத்திலேயே விடை இருக்கிறது. செக்கை வங்கியில் போட்டதும் ரொக்க ஏட்டில் பதிந்துவிடுகிறோம். பாஸ்புக்கில் ஏறுவது பிறகுதான். டிஸ்க்கும் அப்படியே. லினக்ஸ் கெர்னல் எழுத வேண்டியதை முதலில் மெமரியில் வைத்துக்கொள்ளும், வழக்கமாக 30 வினாடி வரை. அவசரம் என்றால் புரோகிராம் 'எஃப்சிங்க்' என்று கேட்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் 8, 16, 64 எம்பி என்று தனி கேஷ் உண்டு. தகட்டில் எழுதும் முன்பே "எழுதிட்டேன்" என்று அது சொல்லிவிடும். 2009இல் எக்ஸ்ட்4 புதிதாக வந்தபோதும் சிஸ்டம் முடங்கி எழுந்தால் ஃபைல்கள் 0 பைட்டாகக் கிடப்பதாகப் புகார்கள் வந்தன, கெர்னல் 2.6.30இல் திருத்தம் சேர்த்தார்கள்.

எச்டிபார்ம் கட்டளையில் பார்த்தேன், ரைட் கேஷ் ஆன். அணைத்தேன், ஒவ்வொரு சேவும் ஆமை வேகம். இது தீர்வில்லை என்று மறுபடி தேடினேன். எஃப்எஸ்டேப் ஃபைலில் 'நோபேரியர்' என்று ஒரு சொல். கேஷில் இருப்பதைத் தகட்டில் இறக்கு என்று கெர்னல் டிஸ்க்குக்கு அனுப்பும் கட்டளையையே அது நிறுத்திவிடும். பிறகு எது முன்னே, எது பின்னே எழுதப்படும் என்பது டிஸ்க்கின் இஷ்டம். பேரேட்டில் போட்டுவிட்டுக் குறிப்பேட்டில் எழுதாத கதைதான்.

அதைப் போட்ட புண்ணியவான் யார்? நானேதான். வேகம் கூடும் என்று எங்கோ படித்துப் போட்டது.

அந்தச் சொல்லை எடுத்தேன், கேஷை மறுபடி ஆன் செய்தேன். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி, தினமும் பென் டிரைவில் ஒரு நகல். இருந்தாலும், தகடு பாதி எழுதும்போது கரண்ட் போனால் நகல்தான் காப்பாற்றும்.

பாக்கி? முக்கால்வாசிப் பேர் அவர்களாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். மீதியை அப்பா மனசிலிருந்து சொன்னார். அந்த கேஷ் மட்டும் கரண்ட் போயும் அழியவில்லை.