மரத்துக்கும் ஒரு சமாதி!

புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசலில் கல் வட்டங்களோடு கிடக்கும் ஆதிகாலக் கல்லறைகளைப் பார்க்கத்தான் சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம். "ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசுடா!" என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டே வந்தான் நண்பன்.

பெரம்பலூர் தாண்டி பாடாலூரில் டீ குடித்தபோது கடைக்காரர் கேட்டார்: "பழசுன்னா ஆசையா? பக்கத்துல சாத்தனூர்ல கல் மரம் இருக்கே, பாக்கலியா தம்பி?"

வண்டியைக் கிழக்கே திருப்பினோம்.

வேலிக்குள் ஹாயாகப் படுத்திருக்கிறது மரம். நீளம் 18 மீட்டர். வயசு? சுமார் 12 கோடி வருஷம்! அப்போது இங்கே கடல். அதன் மணலிலும் சேற்றிலும் புதைந்த மரம், தாது உப்புகள் ஊறி ஊறி அப்படியே கல்லாகிவிட்டது. புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் இதை வெளியுலகுக்குச் சொன்னார்.

வெளியே ஓடையோரம் கிடந்த ஒரு கல் மரத் துண்டை நண்பன் நைசாக பாக்கெட்டில் போட்டான். ஆடு மேய்த்த பெரியவர் பார்த்துவிட்டார்.

"ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டா, நாளைக்கு வர்ற புள்ளைங்க வேலியைத்தான் பாக்கணும் தம்பி!"

எடுத்த இடத்திலேயே வைத்தான். சித்தன்னவாசல் போய்ச் சேரும்வரை 'ரெண்டாயிரம்' பற்றி மூச்சே விடவில்லை!