அம்மா பஸ்ஸில் போகிறேன் என்றார்

கடந்த இதழின் கேள்வி-பதில் பகுதியில், பவர் டில்லர் உதறலால் கை மரத்துப்போவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததும் எங்கள் வேன் கதைதான் நினைவுக்கு வந்தது.

எங்களிடம் இருப்பது 2004-ம் வருட மாருதி ஆம்னி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கத்திரியும் முருங்கையும் ஏற்றுகிறோம். 796 சி.சி., மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டர் என்றாலே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். போதாததற்கு, ஆம்னியில் இன்ஜின் இருப்பதே முன் சீட்டுக்கு அடியில்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் ஆயில் பட்டு ஊறிக் கொழகொழத்துப் போனது. "ரப்பர் போட்டா திரும்பத் திரும்ப மாத்தணும். பி.யூ. போடுங்க, ஆயுசுக்கும் கவலையில்ல" என்றார்கள் பட்டறையில். பாலியூரித்தேனை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். ஆயில் அதை அவ்வளவாகப் பாதிக்காது, உண்மைதான். ஆனால் ரப்பரைவிடக் கெட்டி. இன்ஜின் ஆட்டத்தைத் தான் வாங்கிக்கொள்ளாமல் பாடிக்குக் கடத்திவிடும். பந்தயக் காருக்கு அது சரி, காய் வண்டிக்கு எதற்கு? இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்கே சீட் உதறியது. 'புதுசு, போகப்போகச் சரியாகிடும்' என்று இருந்துவிட்டேன். எனக்குப் பழகியும் போனது.

போன வருஷம் அம்மா களத்துமேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, மாதம் ஒருமுறை திண்டுக்கல்லில் செக்கப். இரண்டு முறை வேனில் வந்தார். மூன்றாவது முறை, "நீ காய் ஏத்திட்டுப் போ சாமி, நான் பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றார். வாக்கர் பிடித்து நடக்கிறவர் பஸ்ஸில் ஏறுவாராம்! மனைவிதான் தனியாகச் சொன்னாள்: "வண்டியில போயிட்டு வந்தா அத்தை ராத்திரியெல்லாம் வலியில முனகுறாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க." இரண்டு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவன் நான்.

அன்று சாயங்காலமே மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தேன். பக்கத்து சீட்டைத் தூக்கிவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்சை லேசாக விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கமாகத் துள்ளியது. சூட்டிலும் ஈரத்திலும் பி.யூ. வெடித்து, தகட்டைவிட்டுப் பிரிந்து, இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பும்போது கேட்ட 'டொக்' சத்தம் இதுதான். இரண்டு முறை சைலன்ஸர் பைப் விரிசல் விட்டதற்குக்கூட இதுதான் காரணமாக இருக்கும் என்றார். நான் சைலன்ஸரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை ரப்பரே போட்டோம். இரண்டு பக்கமும், கியர்பாக்ஸ் அடியில் இருப்பதும் சேர்த்து. ஒன்றை மட்டும் மாற்றினால், ஓய்ந்துபோன மற்றவை புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். முதலில் ஆயில் கசிவை அடைத்தார். அதை விட்டுவிட்டுப் புது ரப்பர் போட்டால் அதுவும் ஊறிவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் சம்ப்புக்கு அடியில் வேப்பம் பலகை கொடுத்து ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கினார். பலகை இல்லாவிட்டால் சம்ப் நசுங்கும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்காதீர்கள். நட்டுகளை முதலில் கையால் மட்டும் ஏற்றி, இன்ஜினை இறக்கி உட்காரவைத்த பிறகுதான் முறுக்கினார். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் உளுத்திருந்தது, அதையும் மாற்றினார். மொத்தச் செலவு, கத்திரி ஒரு நடை ஏற்றிப் போனால் கையில் நிற்கும் காசுதான். இதற்கா இத்தனை நாள்?

உதறல் அடியோடு போகவில்லை. மூன்று சிலிண்டர் மூன்று சிலிண்டர்தான். அடுத்த செக்கப்புக்கு அம்மாவை முன் சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்தேன். முந்தைய இரண்டு முறையும் வாயே திறக்காமல் வந்தவர், ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் கேட்டார்: "நேத்து கத்திரி என்ன விலைக்குப் போச்சு?"