பந்தைத் தொடாதவனுக்கு என்ன விலை?

அமெரிக்கன் புட்போல் பார்க்கிற ஆட்கள் எங்கட பக்கத்தில் மிகக் குறைவு. உதைபந்தாட்டத்தைச் சொல்லவில்லை. ரக்பிப் பந்து மாதிரி ஒரு பந்தோடு, தலைக்கவசமும் தோள் கவசமும் போட்டுக்கொண்டு மோதுப்படுகிற அந்தப் புட்போல். கம்பஸ் மூடி எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த 2020இல் நாங்கள் நாலு பேர் அதற்குள் போய் விழுந்தோம். காரணம், எங்களில் ஒருத்தன்ர அண்ணா. ரொறொன்ரோவில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை எண்டால் டிவிக்கு முன்னால்தான். அவர் வட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்த வீடியோக்களை முதலில் பொழுதுபோகாமல் பார்த்தோம். பிறகு விதிகளை விளங்கிக்கொண்டு பார்த்தோம்.

இந்த விளையாட்டில் பார்க்கிறவர்களின் கண் பந்தோடுதான் ஓடும். அண்ணா ஒரு நாள் வொய்ஸ் மெசேஜில் சொன்னார்: "பந்தை விடுங்கோடா. முன்னுக்குக் குனிஞ்சு நிக்கிற அஞ்சு பேரையும் பாருங்கோ."

அந்த ஐந்து பேர்தான் ஒஃபென்சிவ் லைன். ஆளுக்கு 140, 150 கிலோ வரும். பந்தை எறிகிற குவாட்டர்பக்கை எதிரணி வந்து விழுத்தாமல் மறிப்பது அவர்களின் வேலை. பந்தைக் காவிக்கொண்டு ஓடுகிறவனுக்கு வழி திறந்து கொடுப்பதும் அவர்கள்தான். நடுவில் நிற்கிறவர் பந்தைக் காலுக்குள்ளால் பின்னுக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடக்குவார், அதோடு சரி. நடுவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், முன்னுக்கு எறிகிற பந்தைப் பிடிக்கக்கூட இவர்களுக்கு உரிமை இல்லை. புள்ளி அட்டையில் இவர்களுக்கென்று ஒரு நிரலும் கிடையாது. டிவியில் இவர்களில் ஒருவரின் பெயர் கேட்டால், பெரும்பாலும் ஏதோ பிழைச்சுப் போச்சு எண்டுதான் அர்த்தம்.

ஐவரில் இடது ஓரத்தில் நிற்பவர் லெப்ட் டக்கிள். வலதுகைக் குவாட்டர்பக் எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இருக்கிற பக்கம் அது. 'த பிளைண்ட் சைட்' படம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். (அந்தப் படம் யாரைப் பற்றியதோ, அந்த மைக்கல் ஓஹர், அந்தக் குடும்பம் தன்னை உண்மையில் தத்தெடுக்கவே இல்லை எண்டு சொல்லி 2023இல் நீதிமன்றம் போனார். படத்தை இனிப் பார்க்கிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லம்.)

நாங்கள் நாலு பேரும் பிடித்துக்கொண்ட லெப்ட் டக்கிள், ஒரிகன் பல்கலைக்கழகத்தில் விளையாடின பெனே சூவெல்.

2000 ஒக்டோபரில் பிறந்தவர். சின்ன வயதில் வளர்ந்தது அமெரிக்கன் சமோவாவில். பசிபிக் நடுவில் 50,000 பேர் வரை வாழ்கிற தீவுகள் அவை. அமெரிக்கக் கொடி பறக்கும், ஆனால் அங்கே பிறக்கிறவர்கள் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள் ஆவதில்லை. ஜனாதிபதித் தேர்தலில் அந்தத் தீவுகளுக்கு வாக்கும் இல்லை. ஒரு ரின்மீன் தொழிற்சாலை, அரசாங்க உத்தியோகம், அமெரிக்க இராணுவம், புட்போல். ஒரு பெடியனுக்கு முன்னால் இருக்கிற பாதைகளை இப்படி விரல்விட்டு எண்ணலாம். 2012இல் சூவெல் குடும்பம் யூட்டா மாநிலத்தின் சென் ஜோர்ஜ் எண்ட ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆண்பிள்ளைகள் நாலு பேர். நாலு பேரும் பல்கலைக்கழகப் புட்போல் வரைக்கும் வந்தார்கள். பிள்ளைகளுக்காக ஊரை விட்டுப் போவது என்றால் என்னவென்று எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2018இல், பதினேழு வயதில் ஒரிகனுக்கு வந்த உடனேயே லெப்ட் டக்கிள் இடம் அவருக்குக் கிடைத்தது. நடுவில் கணுக்கால் காயம், சீசனில் பாதி வெளியே. 2019இல் திரும்பி வந்து, நாட்டின் சிறந்த லைன்மனுக்குக் கொடுக்கிற அவுட்லண்ட் ட்ரொஃபியை எடுத்தார். ஒரிகன் வீரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்கு 19 வயது.

அந்த வீடியோக்களில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது அவருடைய கால்களை. இந்த வேலையின் கஷ்டம் என்னவென்றால், முன்னுக்கு முழு வேகத்தில் ஓடி வாற ஒருவனை, நீ பின்னுக்கு நகர்ந்துகொண்டே மறிக்க வேண்டும். 'கிக் ஸ்லைட்' எண்டு சொல்லுவினம். வெளிக்காலைப் பின்னுக்குத் தள்ளி, உள்காலை இழுத்து, இடுப்பைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு சறுக்குவது. கையை முந்தி நீட்டினால் அவன் தட்டிவிட்டுப் போய்விடுவான். பிந்தினால் உன்னைத் தூக்கி எறிஞ்சிடுவான். இவ்வளவும் மூன்று விநாடிக்குள். 150 கிலோ ஆள் ஒருவர் இதை நாட்டியம் மாதிரிச் செய்வதைப் பார்த்தபிறகு பந்து எங்கே போனது என்ற கவலையே எங்களுக்கு இல்லை.

சரி, இவ்வளவு திறமையான ஆள் அடுத்த வருசமே தொழில்முறைக்குப் போக வேண்டியதுதானே? ஏலாது. பள்ளிக்கூடம் முடித்து மூன்று வருடம் ஆகாமல் என்.எஃப்.எல் ட்ராஃப்டுக்கு ஒருவரும் வர முடியாது என்பது விதி. அப்படியென்றால் நாட்டின் மிகச் சிறந்த லைன்மன் இன்னும் ஒரு வருடம் சம்பளமில்லாமல் மோதுப்பட வேண்டும். கல்விக் கட்டணம், அறை, சாப்பாடு கிடைக்கும். ஆனால் தன்னுடைய பெயரையும் படத்தையும் வைத்து ஒரு டொலர் உழைக்கக்கூட மாணவ வீரர்களுக்கு 2021 ஜூலை வரை அனுமதி இருக்கவில்லை. அதே நாட்டில் பல மாநிலங்களின் அரச சம்பளப் பட்டியலில் முதல் ஆளாக இருப்பது ஆளுநர் இல்லை, பல்கலைக்கழகப் புட்போல் கோச் அல்லது கூடைப்பந்துக் கோச். இதை முதல் தரம் வாசிச்ச அண்டைக்கு இரவு எங்கட குறூப் சட் விடியும்வரை ஓடினது.

பிறகு கொரோனா. ஒரிகன் அப்போது விளையாடின லீக்கான பசிபிக்-12, 2020 ஓகஸ்டில் சீசனைத் தள்ளிப்போட்டது. செப்டெம்பரில் சூவெல், நான் இந்த வருடம் விளையாடவில்லை, ட்ராஃப்டுக்குத் தயாராகப் போகிறேன் என்று அறிவித்தார். கொஞ்ச நாளில் லீக் மனசு மாறி, நவம்பரில் ஆட்டங்கள் நடக்கும் எண்டது. அவர் திரும்பி வரவில்லை. ஒரிகன் அவர் இல்லாமலேயே அந்த வருட லீக் சம்பியன் ஆனது.

எங்களுக்குள் சண்டை பிடித்தது இதில்தான். அந்த வருடம் விலகின வீரர்களைப் பற்றி, அணியை விட்டிட்டுப் போனவர்கள் எண்ட கதை அமெரிக்காவிலும் நிறையவே அடிபட்டது. எங்களில் ஒருத்தி, கூட விளையாடினவங்களுக்கு இவர் பதில் சொல்ல வேண்டாமா எண்டு கேட்டாள். ஞாயமான கேள்வி. பக்கத்தில் நிற்கிற நாலு பேரோடு மூச்சுச் சேர்ந்தால்தான் அந்த வேலையே நடக்கும்.

ஆனால் எங்கட நாலாவது ஆள் அவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தான். அவன் ஊர்க் கழகத்துக்கு உதைபந்து விளையாடினவன். பின்வரிசை. பேப்பரில் கோல் அடிச்சவன்ர பெயர் வரும், இவன்ர பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரு இறுதியாட்டத்தில் முழங்கால் சவ்வு அறுந்தது. கிண்ணம் கழகத்தின்ர கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. ஒபரேசனுக்கு அம்மாவின்ர சங்கிலி அடகுக்குப் போனது. கழகத்திலிருந்து இரண்டு பேர் ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கழகத்தின் பெயர் வேண்டாம், எங்கட பக்கத்தில் எந்தக் கழகத்தைப் போட்டாலும் கதை பொருந்தும். அவன் அனுப்பின மெசேஜ் இவ்வளவுதான்: "அவன்ர முழங்காலுக்கு ஆர் காசு கட்டுவினம் எண்டு முதல்ல கேளுங்கோ."

முழங்கால் மட்டும் இல்லை. தலையில் படுகிற அடிகளால் வருகிற மூளைச் சிதைவு நோய் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட என்.எஃப்.எல் வீரர் மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ் அணியோடு நாலு சூப்பர் போல் வென்றவர், 2002இல் 50 வயதில் செத்துப்போனார். கடைசிக் காலத்தில் தன்னுடைய பிக்கப் வண்டிக்குள் படுத்து எழும்பின நாட்களும் இருந்தன. அவரும் ஒஃபென்சிவ் லைன்மன்தான், அந்த ஐவரில் நடுவில் நிற்பவர். டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிற பெரிய மோதல்கள் இவர்களுக்கு வருவது குறைவு. ஒவ்வொரு தரமும் பந்து நகரும்போது எதிரே நிற்கிறவனோடு ஒரு சின்ன இடி, அவ்வளவுதான். ஒரு ஆட்டத்தில் அப்படி அறுபது எழுபது. இதை வாசித்த பிறகு எங்களுக்கு சூவெலின் முடிவில் சந்தேகம் இல்லாமல் போனது. நியாயம் கேட்டவள் மட்டும், அவர் செய்தது சரி, ஆனால் அப்படிச் செய்ய வைத்த விதியைப் பற்றி ஏன் ஒருத்தரும் கத்தவில்லை எண்டாள். அதுவும் சரி.

இனி ட்ராஃப்ட். ஐபிஎல் ஏலம் பார்த்தவர்களுக்குச் சொல்வதென்றால், இங்கே விலை கூறுவது கிடையாது. 32 அணிகள் வரிசையில் நின்று ஆளைத் தெரிவு செய்யும், போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதலிடம். எந்த ஊருக்குப் போவது என்பதில் வீரனுக்கு வாயே இல்லை. எத்தனையாவதாகத் தெரிவாகிறாய் என்பதை வைத்துத்தான் சம்பளம். அதனால் அதற்கு முந்திய மாதங்களில் வீரர்களை அளப்பார்கள். உண்மையாகவே அளப்பார்கள், உயரம், நிறை, கை நீளம், உள்ளங்கை அகலம். வழக்கமாக எல்லாரையும் இண்டியனாபொலிசில் ஒன்றாகக் கூட்டி அளப்பது, 2021இல் கொரோனாவால் அந்தந்தப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது.

ஏப்ரல் 2ஆம் திகதி ஒரிகனில் சூவெலின் முறை. ஆறடி ஐந்துக்கு ஒரு மயிரிழை குறைவு. 331 இறாத்தல். 225 இறாத்தல் பாரத்தை 30 தரம் தூக்கினார். 40 யார்ட் ஓட்டம் 5.09 விநாடி. ஆட்டத்தில் 40 யார்ட் நேரே ஓட வேண்டிய தேவை ஒரு டக்கிளுக்கு எப்ப வரும் எண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது, ஆனால் 150 கிலோ அந்த வேகத்தில் ஓடினால் அணிகளுக்கு வாய் ஊறும். கை நீளம் 33.25 அங்குலம். டக்கிளுக்கு 34 இருந்தால் நல்லம் எண்டு ஒரு கணக்கு இருக்கிறது. முக்கால் அங்குலம்! அதைப் பற்றி வளர்ந்த மனிசர் மணித்தியாலக் கணக்கில் வாதாடின பொட்காஸ்ட்கள் இருக்கு, நாங்கள் கேட்டோம். ஒரு வருடம் ஒரு ஆட்டமும் விளையாடாத ஆள், வேறு எதைப் பிடித்துப் பேசுவது?

ட்ராஃப்ட் தொடங்கினது இலங்கை நேரம் ஏப்ரல் 30 விடிய ஐந்தரை மணிக்கு. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு ஐந்தாவது இடம். அவர்களின் இளம் குவாட்டர்பக் ஜோ பரோ போன நவம்பரில்தான் முழங்கால் உடைந்து படுத்தவர். அவரைக் காக்க சூவெலை எடுப்பதா, அல்லது பல்கலைக்கழகத்தில் பரோவோடு விளையாடின பந்து பிடிக்கிற ஜமார் சேஸை எடுப்பதா எண்டு மாதக்கணக்கில் வாதம். சேஸும் 2020இல் விளையாடாமல் விலகினவர்தான் என்பதை ஏனோ பலர் மறந்துவிட்டார்கள். பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. எங்கட நாலாவது ஆள், "பேந்தும் கோல் அடிக்கிறவன்தானே" எண்டு டைப் பண்ணினான்.

ஏழாவதாக டெற்றோய்ட் லயன்ஸ் சூவெலை எடுத்தது. அந்த அறைக்குள் பொது முகாமையாளர் பிரட் ஹோம்ஸ் கத்திக் குதித்த வீடியோ இப்பவும் கிடக்கு, பாருங்கோ. நாலு வருடத்துக்கு 2 கோடி 41 இலட்சம் டொலர், முழுக்க உத்தரவாதம். முழங்கால் போனாலும் காசு வரும்.

பெங்கால்ஸ் செய்தது பிழை எண்டும் சொல்ல ஏலாது. சேஸ் அந்த வருடமே கலக்கினார், அணி சூப்பர் போல் வரைக்கும் போனது. அந்த ஆட்டத்தில் பரோவை எதிரணி ஏழு தரம் விழுத்தி, பெங்கால்ஸ் தோற்றதும் உண்மை. லயன்ஸ் அந்த வருடம் வென்றதே மூன்று ஆட்டம்தான். சூவெலை அவர்கள் வலது பக்கத்துக்கு மாற்றினார்கள், கால், கை, இடுப்பு எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் தலைகீழாகப் பழக வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அதே அணி அவருக்கு இன்னும் நாலு வருடத்துக்கு 11 கோடி 20 இலட்சம் டொலர் எழுதிக் கொடுத்தது. அந்த நேரத்தில் அந்த வேலை செய்கிற எவருக்கும் அவ்வளவு கிடைத்திருக்கவில்லை.

அண்ணா எங்களுக்கு அனுப்பினதில் நாங்கள் அதிகம் தேய்த்தது ஒரு துண்டு வீடியோ. 2022 டிசெம்பர், மினசோட்டா வைக்கிங்ஸோடு ஆட்டம். லயன்ஸ் முன்னுக்கு நிற்கிறது, ஆனால் பந்தை விட்டுக்கொடுத்தால் எதிரணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 7 யார்ட் வேணும். சூவெல் பந்து பிடிக்கலாம் எண்டு நடுவரிடம் சொல்லியாச்சு, எதிரணிக்கும் அது கேட்டிருக்கும், ஒருத்தரும் கணக்கெடுக்கவில்லை. அவர் மறிக்கிற மாதிரி நின்றுவிட்டு அப்படியே ஓரமாக நழுவுகிறார். பந்து வருகிறது. அந்தப் பெரிய கைகள், 34க்கு முக்கால் அங்குலம் குறைஞ்ச கைகள், பந்தைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைக்கின்றன.

அண்டைக்கு புள்ளி அட்டையில், பந்து பிடித்தவர்களின் நிரலில், முதல் தரமாக அவருடைய பெயர் இருந்தது. பிடித்தது 1, தூரம் 9 யார்ட்.