காத்திருப்புத் தொட்டி

மருந்தில் முக்கினால் பூச்சி செத்துவிடும். முட்டை சாகாது. சிங்கப்பூரில் பவளம் வளர்க்கும் என் பழைய அறைத்தோழன் இதைக் கற்றுக்கொள்ள ஒரு தொட்டி முழுவதையும் இழந்தான். கொல்லிமலையில் குச்சிக்கிழங்கு போடும் என் மாமா ஒரு வருட விளைச்சலை இழந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் நான் இரண்டு பேரிடமும் கேட்டது ஒரே கதையைத்தான்.

முதலில் பவளம். நம்மில் பலருக்கு அது மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல். உண்மையில் அது விலங்கு. நகத்தளவுகூட இல்லாத ஆயிரக்கணக்கான உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயும் சுற்றிலும் சின்னச் சின்னக் கைகளுமாக, தாங்களே கட்டிய சுண்ணாம்பு வீட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நம் ஊர்க் கடலில் இருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், சேர்த்துவிட்டார்கள். சிங்கப்பூரில் நிலைமை வேறு. உரிய அனுமதியோடு இறக்குமதியாகிற பவளத் துண்டுகள் கடையில் கிடைக்கும். நானும் அவனும் குடியிருந்த வீட்டு ஹாலில் பாதியை உப்புத்தண்ணீர்த் தொட்டி பிடித்திருந்தது. சோபா போடுகிற இடத்தில் அக்ரோபோரா, டிவி வைக்கிற இடத்தில் பம்பு. மூன்று வருடம் அந்தப் பம்பு சத்தத்தில்தான் தூங்கினேன்.

புதுத் துண்டு வாங்கிவந்தால் அவன் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள். முதல் டப்பாவில் கடல் தண்ணீரோடு மருந்து. அயோடின் கரைசல் போடுவார்கள், இதற்கென்றே விற்கிற திரவங்கள் உண்டு, அமெரிக்காவில் சிலர் தோட்டத்துப் பூச்சிமருந்தையே போடுகிறார்கள். அதில் இருப்பது இமிடாக்ளோபிரிட். நம் ஊரில் பருத்திக்கும் நெல்லுக்கும் அடிக்கிற அதே மருந்து. பூச்சி நரம்பைக் குறிவைக்கிற மருந்து என்பதால், அளவு பார்த்து, சில நிமிடம் மட்டும் முக்கினால் பவளம் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. முக்கியிருக்கும்போது ரப்பர் குமிழ் வைத்த குழாயால் துண்டின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பான். பத்து நிமிடத்தில் டப்பாவின் அடியில் ஏதேதோ விழுந்து நெளியும்.

ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அதுவரை வெறும் பவளம் என்று நான் நினைத்திருந்ததன் மேலிருந்து ஒரு தட்டைப்புழு உரிந்து விழுந்தது. அக்ரோபோராவை மட்டுமே தின்கிற புழு அது. தின்ற பவளத்தின் நிறம் அதன் உடம்பிலேயே தெரியும். ஒட்டிக்கிடந்தால் கண்ணுக்கே தட்டுப்படாது. மோன்டிபோராவைத் தின்ன ஒரு வெள்ளை ஓடில்லா நத்தை இருக்கிறது. அக்ரோபோரா மேல் ஓடித் திரிய ஊசிமுனை அளவு சிவப்புப் பூச்சி இருக்கிறது. இவை எல்லாம் கடலிலும் உண்டு. அங்கே இவற்றைத் தின்ன மீன் உண்டு, அடித்துப்போக அலை உண்டு. 200 லிட்டர் தொட்டியில் அதெல்லாம் கிடையாது.

அடுத்து இரண்டு டப்பா சுத்தமான தண்ணீரில் அலசல். முக்கிய தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் பெரிய தொட்டிக்குள் போகக்கூடாது. துண்டு ஒட்டியிருந்த அடிக்கட்டையை உடைத்து எறிந்துவிட்டுப் புதுக் கட்டையில் ஒட்டுவான். ஏனென்றால் முட்டை இருப்பது அங்கேதான், சதை செத்து வெளிறிய அடிப்பக்கத்தில், பழுப்புத் திட்டாக. எந்த மருந்தும் அந்த முட்டையின் ஓட்டை நம்பகமாகத் துளைப்பதில்லை. தண்ணீரின் சூட்டைப் பொறுத்து இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும்.

அதனால் முக்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி காத்திருப்பது. மண்ணும் பாறையும் இல்லாத ஒரு சின்னத் தொட்டியில் புதுத் துண்டு தனியாக இருக்கும். வாரம் ஒருமுறை மறுபடியும் முக்கல். போன வாரம் முட்டையாக இருந்தது இந்த வாரம் புழுவாகியிருக்கும். அது வளர்ந்து முட்டை போடுவதற்குள் பிடிக்க வேண்டும். ஆறு வாரம் தொடர்ந்து ஒன்றும் விழாவிட்டால்தான் பெரிய தொட்டிக்குப் பதவி உயர்வு. நீலமும் பச்சையுமாக மின்னுகிற ஒரு துண்டை, வந்தவர்கள் யாரும் பார்க்காத சமையலறை மூலையில் ஆறு வாரம் வைத்திருப்பான். எனக்கே பொறுமை போய்விடும். “போடுடா உள்ள, ஒண்ணும் ஆகாது” என்பேன். “முதல் தொட்டியில நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் வேலையில் இதற்கு ஸ்டேஜிங் என்று பெயர். எழுதிய நிரலை நேரடியாக வாடிக்கையாளர் கையில் கொடுக்காமல், அதே மாதிரி இன்னொரு சூழலில் ஓட்டிப் பார்ப்பது. ஸ்டேஜிங்குக்கு ஒதுக்கிய நாட்களைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து ஃபோன் வராத புராஜெக்டை நான் பார்த்ததில்லை. ஒன்றும் நடக்காமல் போகிற நாட்களுக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. அந்த நாட்களின் பலனே ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான்.

2021இல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றான பிறகு ஊருக்கு வந்தேன். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோளக்காடு, செம்மேடு; அங்கிருந்து உள்ளே எங்கள் ஊர். ஒருகாலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் கடந்த நாற்பது ஐம்பது வருடமாகக் குச்சிக்கிழங்கு. கீழே சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ மில்கள் வாங்கிக்கொள்ளும். சோறாகாத பயிர், ஆனால் கையில் பணம் தருகிற பயிர்.

அந்த வருடம் மாமாவின் காட்டைப் பார்த்ததும் எனக்குச் சமையலறை மூலைதான் ஞாபகம் வந்தது. செடிகளின் நுனி சுருண்டு முடிச்சு மாதிரி, முட்டைக்கோஸ் மாதிரி ஆகியிருந்தது. இலையைத் திருப்பினால் வெள்ளை மாவு. மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்கப் பூச்சி. 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே கோடிக்கணக்கானவர்களின் சாப்பாட்டில் கைவைத்தது. 2008இல் தாய்லாந்து. 2020இல் திருச்சூரில் முதல்முறையாக இந்தியாவில் கண்டுபிடித்தார்கள். அடுத்து நம் பக்கம். இந்தப் பூச்சியில் ஆண் தேவையில்லை. பெண்ணே தனியாகக் குஞ்சு போடும். ஒரு குச்சியில் ஒரு பூச்சி வந்தால் போதும்.

“குச்சி எங்க வாங்குனீங்க மாமா?”

“கீழ இருந்து வந்துச்சு மாப்ள. நல்ல ரகம்னாங்க. ஊரே வாங்குச்சு, நானும் வாங்குனேன்.”

குச்சிக்கிழங்குக்கு விதை போடுவதில்லை. பழைய செடியின் தண்டை ஒரு சாண் அளவுக்கு வெட்டி நடுவார்கள். ஒரு பவளத்தை உடைத்துத் துண்டு துண்டாக விற்பதும் இதுவும் ஒன்றுதான். தாயின் உடம்பே பிள்ளை என்பதால், தாய்க்கு இருந்ததெல்லாம் பிள்ளையோடு வரும். நடுவதற்கு முன் குச்சியை மருந்துத் தண்ணீரில் கால் மணி நேரம் முக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. பூஞ்சைக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று. ஆனால் தேமல் நோய் மாதிரி வைரஸ் தண்டுக்கு உள்ளேயே இருந்தால் எவ்வளவு நேரம் முக்கியும் பிரயோஜனம் இல்லை. அதை நட்டு, இலை விட்டு, மஞ்சள் திட்டு தெரிகிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நான் சிங்கப்பூர்க் கதையைச் சொன்னேன். புதுக் குச்சியைத் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் காட்டில் போடலாமே என்றேன். மாமா சிரிக்கவில்லை, யோசித்தார்.

“ஒன்றரை மாசம் தனியா வெச்சுப் பாக்கறதுக்குள்ள மழை போயிடும் மாப்ள. கடன் வாங்கிக் குச்சி வாங்குனவன் எங்க வெச்சுப் பாக்கறது?”

எனக்குப் பதில் இல்லை. என் நண்பனின் தொட்டியில் வெளிச்சமும் சூடும் அவன் சொன்னபடி கேட்கும். ஆறு வாரம் தள்ளிப்போனால் அவனுக்கு நஷ்டம் கொஞ்சம் ஆசை மட்டும்தான். மாமாவுக்கு ஒரு வருடச் சாப்பாடு. காத்திருக்கச் சொல்வது எளிது. அந்த நாட்களுக்கு யார் பணம் கட்டுவது என்பதை அறிவுரை சொல்கிறவர்கள் பேசுவதில்லை.

இந்தக் கேள்வி பழையது. 1377இல் ரகூசா என்ற துறைமுக நகரம், கொள்ளைநோய் ஊர்களில் இருந்து வருகிறவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. பிற்பாடு வெனிஸ் அதை 40 நாள் ஆக்கியது. இத்தாலிய மொழியில் நாற்பது என்கிற சொல்லில் இருந்துதான் குவாரன்டைன் வந்தது. நமக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. ராமேசுவரம் போகிற ரயிலில் மண்டபம் கேம்ப் என்று ஒரு நிலையம் வருமே, அந்தக் கேம்ப். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலித் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி, சோதித்து, கிருமிநீக்கம் செய்து, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பலேற்றினார்கள். திருச்சி, சேலம் ஜில்லாக்காரர்கள் அதில் ஏராளம். என் தாத்தாவின் அண்ணன் ஒருவர் அப்படிப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். திரும்பி வரவில்லை. அங்கே காத்திருந்தவர்கள் கூலிகள், காப்பாற்றப்பட்டவை தோட்டங்கள். முக்கப்படுகிறவரும் காக்கப்படுகிறவரும் வேறு வேறு ஆட்கள்.

அதே வளாகத்துக்குத்தான் 1949இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்தது. மனிதர்களை வடிகட்டிய இடத்தில் பவளங்களைப் படித்தார்கள். எதிரே மன்னார் வளைகுடா, தூத்துக்குடி வரை 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டி அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன.

மிச்சமிருந்த பவளத்துக்கு அடுத்த ஆபத்து மண்டபத்தில் இருந்தே போனது. கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசி. ஐஸ்கிரீமில் இருந்து பற்பசை வரை கெட்டியாக்கப் பயன்படுகிற பொருள் அதில் இருந்து கிடைக்கிறது. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. 1980களில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இந்தியாவுக்குக் கொண்டுவந்து, ஆய்வுக்கூடத்தில் பழக்கி, 90களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000க்குப் பிறகு கடலோரப் பெண்கள் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்த்தார்கள். உண்மையாகவே கையில் காசு வந்தது. 2008இல் மதுரை ஆய்வாளர்கள் குருசடைத் தீவில் கிளைப் பவளங்களின் மேல் அந்தப் பாசி போர்வை மாதிரி படர்ந்து மூச்சை அடைப்பதைப் பதிவு செய்தார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. பாசி அவசரமாகக் கடலில் வீசப்படவில்லை. வருடக்கணக்கில் தனியாக இருந்தது. ஆனால் தனிமைப்படுத்தலில் நாம் தேடுவது வந்த உயிரின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிற பூச்சியை, நோயை. வந்த உயிரே பூச்சியாக இருந்தால்? சீனியா என்று ஒரு பவளம் உண்டு. கைகளை மூடித் திறந்து பூ மாதிரி துடிக்கும். எந்த மருந்தில் முக்கினாலும் அதில் இருந்து ஒன்றும் விழாது. ஆறு வாரமும் குற்றமில்லாமல் தேறும். பெரிய தொட்டிக்குள் போனதும் எல்லாப் பாறையும் அதனுடையதாகிவிடும். என் நண்பன் அதை வாங்கவே மாட்டான். அது நோயாளி இல்லை என்பதுதான் அதன் ஆபத்து.

மாவுப்பூச்சிக் கதைக்கு ஒரு நல்ல திருப்பமும் இருக்கிறது. ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியது மருந்து இல்லை. பராகுவேயில் கண்டுபிடித்த, எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2021இல் பெனின் நாட்டில் இருந்து அதே குளவியைப் பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் வரவழைத்தது. வந்த குளவியையும் அடைத்து வைத்தார்கள். வேறு எதையாவது தின்னுமா, நம் ஊர் நல்ல பூச்சிகளைக் கெடுக்குமா என்று சோதித்தார்கள். மார்ச் 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் கையில் கொடுத்தார்கள். இந்த முறை, வந்ததன் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதோடு, வந்தது எப்படிப்பட்டது என்றும் கேட்டார்கள். அந்த மாதங்களில் மாமாவின் காடு காய்ந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காத்திருந்தது சரிதான். அதற்கான விலையைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது மாமா ஒரு வேலை செய்கிறார். நான் சொன்னதால் இல்லை, அவரே யோசித்தது. காட்டில் நன்றாக இருக்கிற செடிகளுக்குப் பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டி வைக்கிறார். அடுத்த நடவுக்கு அதில் இருந்து மட்டும்தான் குச்சி. வெளியில் இருந்து புது ரகம் வந்தால் ஐம்பது குச்சி மட்டும் வாங்கி, முக்கி எடுத்து, காட்டில் இருந்து தள்ளி வீட்டு வாசலுக்கு எதிரே நடுகிறார். காலையில் பல் விளக்கிக்கொண்டே ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார். பவளத்துக்கு ஆறு வாரம் போதும். குச்சி முற்றி அதில் இருந்து அடுத்த குச்சி வெட்ட பத்து மாதம் ஆகும். புது ரகத்தின் லாபம் அவருக்கு ஒரு வருடம் தள்ளித்தான் கிடைக்கும். கிடைக்காமலும் போகலாம். பக்கத்துக் காட்டுக்காரர் இதற்குள் அந்த ரகத்தை முழுக்கப் போட்டுவிட்டார். அவர் காட்டில் ஏதாவது வந்தால் வேலி தாண்டி இங்கேயும் வரும், மாமாவுக்கும் அது தெரியும்.

“அப்புறம் எதுக்கு மாமா இவ்வளவு கஷ்டம்?” என்று கேட்டேன்.

“என் குச்சில இருந்து அவன் காட்டுக்குப் போகலைல்ல” என்றார்.

ஐம்பதில் ஏழு செடிகளை இதுவரை பிடுங்கி எரித்திருக்கிறார். இது ஏழாவது மாதம்.