இருபது கிளிக்

பெங்களூர் அல்சூர் வீட்டு அலமாரியில் ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு பிசிஎம்5102 டாக் பலகை, பழைய ஆம்ப்ளிஃபயர். சேர்த்துவைத்த பாட்டுகளும் இணைய வானொலியும் எம்பிடி மென்பொருள் வழியாகப் பாடின. எல்லாவற்றையும் என் போனிலிருந்து இயக்கினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஆபீசுக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. "ஏன்டா, சத்தத்தைக் குறைக்கணும்னாகூட உன்னைக் கூப்பிடணுமா?"

அம்மாவின் கை மர்ஃபி வால்வு ரேடியோவில் பழகியது. விளக்கு போடாமலே குமிழைத் திருகி இலங்கை வானொலியைப் பிடித்துவிடுவாள். 2017-இல் சரிகம நிறுவனம் 5,000 பாட்டுகளை ஏற்றி, முகப்பில் குமிழும் வைத்து 'கார்வான்' பெட்டியை விற்க வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு ரோட்டரி என்கோடரும் 0.96 அங்குல ஓஎல்இடி திரையும் வாங்கி வந்தேன். பழைய வால்யூம் குமிழுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அது நிற்கும் இடமே சத்தத்தின் அளவைச் சொல்லிவிடும். என்கோடர் எத்தனை சுற்றினாலும் முட்டி நிற்காது. எந்தப் பக்கம், எத்தனை படி என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால்தான் திரை. ஒரு சுற்றுக்கு 20 கிளிக். ஒரு கிளிக்குக்கு 5 சதவீதச் சத்தம் என்று வைத்தேன். மௌனத்திலிருந்து முழுச் சத்தத்துக்குச் சரியாக ஒரு சுற்று.

முதல் நாள் ஒரு கிளிக்குக்கு இரண்டு மூன்று படி தாவியது. உள்ளிருக்கும் தகடுகள் தொடும்போது துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலையும் பை ஒரு கிளிக்காக எண்ணிவிடுகிறது. இரண்டு சிக்னல் முனைகளிலிருந்தும் கிரவுண்டுக்கு '104' என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் ஒவ்வொன்றைப் பற்றவைத்ததும் அடங்கியது.

திரை வேறு விதமாகப் படுத்தியது. 'பெங்களூர்' என்று எழுதச் சொன்னால், ஒற்றைக்கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துகளை முறையாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் மென்பொருளைச் சேர்த்த பிறகே கொம்பு முன்னுக்கு வந்தது. அந்த ஒரு கொம்புக்கு இரண்டு ராத்திரி போயிற்று.

இப்போது நான் எழுவதற்கு முன்பே, காலை ஐந்தரைக்குப் பாட்டு கேட்கிறது. அம்மா திரையைப் பார்ப்பதில்லை. பார்க்கக் கண்ணாடியைத் தேட வேண்டுமாம். ஆறு கிளிக் எண்ணி நிறுத்திக்கொள்கிறாள்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு: முதலில் குமிழை வையுங்கள், திரை பிறகு வரட்டும். என்கோடரின் + முனையை 3.3 வோல்ட்டில்தான் இணையுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் பை பாழாகலாம்.