முதல்ல காதை வைக்கணும்

ராத்திரி நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் தூறல் பிடித்தால் அது அடைமழையைவிட மோசம். முன்னால் போகிற லாரியின் சக்கரம் சேற்றை மாவாக அரைத்து நம் கண்ணாடியில் வீசும். வைப்பரைப் போட்டால் அது சேற்றைத் துடைக்காது, தரை மெழுகுவதுபோல மெழுகிவிடும். எதிர்வண்டியின் வெளிச்சம் அதில் பட்டதும் சாலையே மறைந்துபோகும். மேல்மருவத்தூருக்கு இந்தப் பக்கம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. வாஷரைப் போட்டேன், ஒரு சொட்டு வரவில்லை. தட்டுத்தடுமாறி ஓரங்கட்டி, குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். கைநடுக்கம் அடங்க வெகுநேரமாயிற்று.

என்னுடையது 1998ஆம் வருட மாருதி 800. 2013இல் 15 வருடம் முடிந்து, பிறகு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறேன். இரண்டு மாதம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வாஷர் மோட்டாரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். இப்போது போன் செய்தால், வண்டியைப் பார்க்காமலே, "மறுபடி மோட்டார்தான் சார், மாத்திடலாம்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. மறுநாள் புதுப்பேட்டைக்கு விட்டேன்.

எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் வண்டிகள் கதவு வேறு, ரேடியேட்டர் வேறு, டேஷ்போர்டு வேறாகப் பிரிந்து கிடக்கும். இந்த மாடலின் தயாரிப்பு 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. புதுப்பேட்டைக்கு அது தெரியாது. நான் தேடிப் போனவர் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன். தெருவே அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறது.

"சாவியைப் போடுங்க சார். ஸ்டார்ட் பண்ண வேணாம். இப்ப வாஷரைப் போடுங்க."

பானெட்டைத் திறந்து, தண்ணீர் டப்பாவுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். தெருச் சத்தத்துக்கு நடுவே கொசு ரீங்காரம்போல ஒரு சன்னமான ஒலி.

"மோட்டார் உயிரோட இருக்கு. தண்ணி எங்க நிக்குதுன்னுதான் பாக்கணும்."

இந்த ஒரு வரியில் பாதி வேலை முடிந்துவிட்டது. சத்தமே இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், வயர் என்று வேறு வழியில் போயிருப்பார். அப்போதும் எடுத்ததும் மோட்டாரைக் கழற்ற மாட்டாராம். சாக்கெட்டைப் பிடுங்கி டெஸ்ட் லாம்ப் வைப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போயிருக்கிறது. மங்கி எரிந்தால் எங்கோ எர்த்தில் துரு.

மோட்டாரிலிருந்து டியூபை உருவினார். தண்ணீர் அவர் கையில் பீய்ச்சியது. டியூபைத் திரும்ப மாட்டி, இன்ஜின் பக்கமாக அது போகிற வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. லேசாக வளைத்ததும் முறுக்குபோல 'டக்'கென்று உடைந்தது. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த இடம் அது. தண்ணீர் பூராவும் அங்கேதான் கசிந்திருக்கிறது.

"இது மீன் தொட்டிக்குக் காத்து போற டியூப் சார். அளவு கரெக்டா உக்காரும், ஆனா இன்ஜின் சூடு தாங்காது."

ரப்பர் டியூபை மாட்டிய பிறகும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. நாசிலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு. போர் தண்ணீரின் உப்பு. வருடக்கணக்கில் நானே ஊற்றியது. ஒரு மூடியில் வினிகரை ஊற்றி நாசிலைப் போட்டதும் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. பத்து நிமிடம் கழித்து, பைக் கிளட்ச் கேபிளில் ஒரே ஒரு இழையைப் பிரித்து ஓட்டைக்குள் விட்டார். தடித்த ஊசி கூடாது, ஓட்டை பெருத்தால் வேகம் போய்விடும். ஊதுவதும் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே. வந்த வழியிலேயே குப்பையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

டப்பாவின் அடியில் பச்சைப் பாசி. கழுவிவிட்டு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த கேனிலிருந்து ஊற்றினார். அதில் உப்பு கிடையாது.

டியூபுக்கு 60 ரூபாய், கூலி 100 என்றார். ஒரு மணி நேர வேலை. "மோட்டார் மாத்தினா 500 கேட்டாலும் குடுப்பாங்க. கண்டுபிடிச்சதுக்குக் காசுன்னா முகம் மாறிடும் சார்." உண்மைதான். பழைய ஒர்க்‌ஷாப்பில் எந்தக் கேள்வியும் கேட்காமல் பணம் கொடுத்தவன் நான்தான். கண்ணெதிரே ஒரு புதுப் பொருளைப் பார்த்தால்தான் நமக்குப் பணம் கொடுக்க மனசு வருகிறது. பாயின் காதுக்கும் விரலுக்கும் பில்லில் இடமில்லை. ஆக, பொருளை மாற்றுகிறவர்கள் பெருகுகிறார்கள், பழுதைத் தேடுகிறவர்கள் குறைகிறார்கள். அன்று 500 ரூபாயைக் கொடுத்து, இது கண்டுபிடித்ததற்கு என்று சொல்லியே கொடுத்தேன். கொஞ்சம் தயங்கித்தான் வாங்கினார்.

கிளம்பும்போது ஒன்றுதான் உறுத்தியது. நாசிலை அவர் திருப்பி வைத்திருந்த விதத்தில், தண்ணீர் கண்ணாடியின் உச்சியில், கூரையை ஒட்டி விழுந்தது. "ரொம்ப மேல போகுதே பாய்?" என்றேன். "ஓட்டிப் பாருங்க" என்றார்.

மீனம்பாக்கம் தாண்டி, வண்டி 60இல் போகும்போது வாஷரைப் போட்டேன். எதிர்க்காற்று அழுத்தியதில் தண்ணீர் தாழ்ந்து, நேராக என் கண் மட்டத்தில் விழுந்தது.